பல்லுக்கு ஒரு வரிசை

ஒரே நாளில், ஒரே பள்ளிக்கூட முகாமில், ஒரே டாக்டர் பார்த்துப் பெயர் பதிந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்கு மட்டும் வைத்தியத்துக்கு அழைப்பு வந்தது. வந்தது கீழ்வீட்டுக்கு. மாடிவீட்டுக் கிளாடிஸுக்கு அந்தச் செய்தி ஓரகத்தி பிரின்சியின் வாயாலேயே, படிக்கட்டில் வைத்துக் கிடைத்தது.

"அக்கா, லியோனிக்கு வந்துட்டுக்கா. திங்கக்கிழமை கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. ஜோவிக்கும் வந்திருக்குமே, பாத்தீங்களா?"

கிளாடிஸ் கையிலிருந்த மீன்பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். நல்லதாப் போச்சு என்றாள். ஜோவிட்டாவுக்கும் வந்திருக்கும், இன்னும் போனைப் பார்க்கவில்லை என்றாள். மாடி ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் போனை எடுத்தாள். வரவில்லை.

இரண்டு பிள்ளைகளும் அண்ணன் தம்பி மக்கள். தாடை ஒரே தாடை, தகப்பன் வழியில் வந்தது. மேல்வரிசைப் பற்கள் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நிற்கும், கீழ்த்தாடை உள்ளே ஒதுங்கியிருக்கும். ஆண்களுக்கு மீசையும் தாடியும் வந்து அதை மறைத்துவிட்டன. பெண்பிள்ளைகளுக்கு என்ன வழி? முகாமுக்கு வந்த டாக்டர் தெளிவாகவே சொல்லியிருந்தார். வளர்கிற வயதில் வாய்க்குள் தட்டு ஒன்று மாட்டினால் எலும்பு தானாக முன்னால் வரும், வளர்ச்சி நின்றுவிட்டால் தாடையை அறுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அப்போது பிள்ளைகளுக்கு ஒன்பது வயது. இப்போது பன்னிரண்டு. ஜோவிட்டாவின் பாவாடை மாதத்துக்கு மாதம் குட்டையாகிக்கொண்டு வந்தது. பிள்ளை வளர்வதைப் பார்த்துப் பயப்படுகிற தாயாக இருந்தாள் கிளாடிஸ்.

அரசு மருத்துவமனை வரிசையை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் சிபாரிசு உள்ளவர்கள் முன்னால் போனார்கள். மற்றவர்களுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிற வயதில் அழைப்பு வந்தது. வழக்கு போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். கடைசியில் அரசாங்கம் மனிதர்களை ஒதுக்கிவிட்டு ஓர் இயந்திரத்திடம் வரிசையைக் கொடுத்தது. அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தார்கள். ஜனங்கள் தராசு என்றார்கள். அது யாருடைய தொலைபேசிக்கும் பயப்படாது, யாருடைய மைத்துனனையும் தெரியாது. எதற்கும் காரணம் சொல்லும். கிளாடிஸின் போனிலும் காரணம் இருந்தது: "இதே நிலையில் உள்ள வேறொரு குழந்தைக்கு மன வருத்தம் அதிகம்."

வேறொரு குழந்தை. கீழே ஹாலில் பிரின்சி யாரிடமோ போனில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருப்பது தரை வழியாகக் கேட்டது. கிளாடிஸ் மின்விசிறியை வேகமாக வைத்தாள்.

மறுநாள் இறால் கம்பெனிக்கு விடுப்பு சொல்லிவிட்டு அரசு பல் மருத்துவமனைக்குப் போனாள். மாவட்டத்துக்கே பல் சீரமைப்புக்கு அங்கே ஒரே ஒரு டாக்டர், ஷமீமா. உட்காரச் சொன்னார். கிளாடிஸ் நின்றுகொண்டே கேட்டாள். ரெண்டும் ஒரு வீட்டுப் பிள்ளை, ஒரே பல், ஒரே நாளில் பதிந்த பெயர். பிறகெப்படி ஒருத்தி முன்னால் போனாள்?

"தாடை ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதாம்மா. அதுல சமமா இருந்தா, யாருக்கு மனசு அதிகமா நோகுதோ அவங்கள முன்னால வைக்கும்."

"மனச எப்படி மேடம் அளக்கும்?"

"பேர் பதிஞ்ச பிள்ளைங்க கையில கட்டியிருக்காங்கள்ல, அந்தப் பட்டைதான். பிள்ளை எப்பல்லாம் வாயப் பொத்துது, எப்போ பேச்ச நிறுத்துது, எப்போ நெஞ்சு படபடக்குதுன்னு அதுக்குத் தெரியும். என்ன பேசுறாங்கன்னு கேக்காது. நோகுதான்னு மட்டும் பாக்கும்."

அப்படியென்றால் நடித்து ஏமாற்றலாமே என்றாள் கிளாடிஸ். அவள் மனதில் பிரின்சி இருந்தாள். பிரின்சி அமைதியான பெண், ஆனால் எதையும் யோசித்துச் செய்கிறவள். வாயைப் பொத்து, மூலையில் உட்காரு என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாளா?

டாக்டர் தலையசைத்தார். "சில பேரு முயற்சி பண்ணாங்க. கண்டுபிடிச்சிடும். கை நடிக்கும், நெஞ்சு நடிக்காது." பிறகு சற்றுக் கனிவாகச் சொன்னார், ஜோவிட்டாவுக்குத் தன் பல்லால் வருத்தமே இல்லை என்று தராசு காட்டுகிறது, இப்படி ஒரு பிள்ளையை வளர்த்ததற்குத் தாய் சந்தோஷப்பட வேண்டும்.

உண்மைதான். ஜோவிட்டா வாய்கொள்ளாமல் சிரிக்கிற பிள்ளை. பள்ளி ஆண்டுவிழாவில் ஒலிபெருக்கியைப் பிடித்து அறிவிப்பது எப்போதும் அவள்தான். பல் தெரிகிறதே என்ற நினைப்பே இல்லாமல் பேசுவாள், பார்க்கிறவர்களுக்கும் அந்த நினைப்பு வராது.

"அப்போ சிரிக்கிற பிள்ளைக்கு வைத்தியம் கெடையாதா மேடம்?"

ஷமீமா மேஜை மேல் இருந்த பல் அச்சு ஒன்றை நகர்த்தி வைத்தார். "இந்தக் கேள்விய யாருகிட்ட கேக்கணும்னு எனக்கும் தெரியல. முன்னாடியெல்லாம் எங்கிட்ட சண்டைக்கு வருவாங்க, மாவட்டத்துக்கே ஒரு டாக்டர் போதுமான்னு. நானும் அதையே மேல எழுதுவேன். தராசு வந்தப்புறம் அத யாரும் கேக்குறதில்லம்மா. அந்தப் பிள்ளைய ஏன் முன்னால வச்சீங்கன்னுதான் கேக்குறாங்க."

நல்ல பேச்சுதான். ஆனால் கிளாடிஸின் காதில் அது நிற்கவில்லை. பேருந்தில் வரும்போது அவளுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது ஒன்றுதான்: நெஞ்சு நடிக்காது.

லியோனிக்குத் தட்டு மாட்டினார்கள். முதல் வாரம் நாக்குத் தடுக்கிப் பேசினாள், எச்சில் வழிந்தது. கிளாடிஸுக்கு அதில் ஒரு சிறு ஆறுதல் இருந்தது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள், ஆனால் ஆறுதல் இருந்தது. பிறகு பிள்ளை பழகிவிட்டாள். படிக்கட்டில் அவள் ஏறி இறங்கும்போதெல்லாம் கிளாடிஸின் பார்வை முகத்தின் பக்கவாட்டுக்குப் போனது. முகவாய் முன்னால் வந்திருக்கிறதா? நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிகிறதா? தெரிந்ததாகவே அவளுக்குத் தோன்றியது. "பெரியம்மா" என்று பிள்ளை கூப்பிட்டால் சிரித்தாள். சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

பிரின்சிக்கு இதெல்லாம் தெரியாது. தட்டை எப்படிக் கழுவ வேண்டும், எந்த நேரத்தில் கழற்றலாம் என்று வந்து சொல்லுவாள், நாளைக்கு ஜோவிட்டாவுக்கு உதவுமே என்று. அந்த அக்கறைதான் கிளாடிஸுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. வைத்திருக்கிறவர்கள் இல்லாதவர்களுக்குக் காட்டுகிற அக்கறை என்று நினைத்தாள். கப்பலில் இருக்கும் கணவனிடம் போனில் சொல்லி அழுதாள். எல்லாருக்கும் வரும், பொறு என்றான் அவன். கடலில் இருக்கிறவனுக்குப் பொறுமை சுலபம்.

ஒரு கல்யாணத்தில்தான் அது தொடங்கியது. சொந்தக்காரர்கள் எல்லாரும் மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். லியோனிக்கு ஒரு பக்கம் பிரின்சி, மறுபக்கம் ஜோவிட்டா. யாரோ ஓர் அத்தை, லியோனிக்கு முகக்களை வந்துவிட்டது என்றாள். ஜோவிட்டா அதைக் கேட்டு லியோனியின் கன்னத்தைக் கிள்ளி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கிளாடிஸுக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. இந்தச் சிரிப்புதான் நம்மைப் பின்னால் தள்ளுகிறது என்று தோன்றியிருக்கலாம். குனிந்து மகளின் காதில் சொன்னாள்.

"வாய மூடிக்கிட்டு நில்லுட்டி. எல்லாரும் பாக்காங்க."

ஜோவிட்டா திரும்பித் தாயைப் பார்த்தாள். பிறகு அவள் கை, முதல்முறையாக, வாயருகே போயிற்று. படத்தில் அப்படியே பதிந்துவிட்டது.

மறுநாள் காலையில் போனைப் பார்த்தபோது வரிசையில் ஜோவிட்டாவின் இடம் முன்னால் நகர்ந்திருந்தது. கிளாடிஸுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்புறம்தான் எதனால் நகர்ந்தது என்று உறைத்தது. அடுப்படியில் போய்ச் சும்மா நின்றாள். பால் பொங்கி வழிந்தது. அதைத் துடைத்தபடியே அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். ஊசி போடும்போது பிள்ளை அழத்தான் செய்யும். எந்தத் தாய் அதற்காக ஊசி வேண்டாம் என்கிறாள்?

அப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தாள். தலைவாரி விடும்போது, லியோனி முகம் எவ்வளவு மாறிவிட்டது, இனி அவள் பக்கத்தில் நீ நின்றால் என்று ஆரம்பித்து மீதியைச் சொல்லாமல் விடுவாள். சாப்பிடும்போது, வாயை மூடி மெல்லு, பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது என்பாள். ஆண்டுவிழா வந்தது. நீ பேசும்போது பின்வரிசையில் சில பேர் வாயைக் கோணிக் காட்டுகிறார்கள் தெரியுமா என்று கேட்டாள். அப்படி யாரும் காட்டியதில்லை. மறுநாள் ஜோவிட்டா ஆசிரியையிடம் போய்த் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். விழா அன்று வேறொரு பிள்ளை ஒலிபெருக்கியைப் பிடித்துத் தடுமாறியது. ஜோவிட்டா கூட்டத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் வாயை மூடியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளாடிஸ் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து போனைப் பார்த்தாள். இடம் நகர்ந்திருந்தது. இரண்டையும் அவள்தான் செய்தாள். ஒன்று இல்லாமல் மற்றொன்று இருந்திருக்குமானால் அவளைப் பற்றிச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

நிறுத்திவிடலாம் என்று நினைத்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் பார்த்து லியோனி படியேறி வருவாள். முன்பெல்லாம் சுவரோரமாக நடக்கிற பிள்ளை இப்போது நடுப்படியில் குதித்து வந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள் என்று பிரின்சி சொன்னாள். தாடை நகர்வதற்கு முன்னாலேயே பிள்ளையின் மனது தேறிவிட்டதாம், இத்தனை சீக்கிரம் யாருக்கும் வருத்தம் குறைந்ததில்லையாம், மற்ற மாவட்டங்களுக்குக் காட்ட லியோனியைப் படமெடுக்கப் போகிறார்களாம். அதைக் கேட்டுக் கிளாடிஸ் மாடியேறினாள். அன்றைக்கு மகளிடம் அவள் சொன்னது, அதுவரை சொன்னதிலெல்லாம் கொடியது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அழைப்பு வந்துவிட்டது.

ஷமீமா ஜோவிட்டாவை தட்டு பொருத்துகிற அறைக்கு நர்ஸோடு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். திரையைக் கிளாடிஸ் பக்கம் திருப்பினார். ஜோவிட்டாவின் வருத்தத்தைக் காட்டும் கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்து, ஓரிடத்தில் திடீரென்று எழும்பியது.

"இது பள்ளிக்கூடத்துல ஏறலம்மா. தெருவுல ஏறல. கோயில்லயும் கல்யாண வீட்டுலயும் கொஞ்சம். மத்தபடி எல்லாம் வீட்டுலதான். அதுவும் ஒரே ஒரு போன் பக்கத்துல இருக்கும்போது மட்டும்."

கிளாடிஸ் கையிலிருந்த போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.  

"திருப்பி அனுப்பிருவீங்களா மேடம்?"

"மாட்டேன். தாடைக்கு நேரம் போய்க்கிட்டிருக்கு, பிள்ளைக்கு ஏன் தண்டனை. தராசு காரணம் கேக்காது. வலி எவ்வளவுன்னு மட்டும்தான் கேக்கும். நான்தான் கேக்குறேன்." திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இப்படி வந்த அம்மா நீங்க மொத ஆளும் இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கிளாடிஸ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மொத ஆள் இல்லை. அப்படியென்றால் பிரின்சி. சாதுபோல இருந்துகொண்டு அவளும் இதைத்தான் செய்திருக்கிறாள், எனக்கு முன்னாலேயே செய்திருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் மூச்சு சீராயிற்று. ஜோவிட்டாவுக்குத் தட்டு பொருத்தி முடியும்வரை வெளியே உட்கார்ந்து, பிரின்சி என்னென்ன சொல்லியிருப்பாள் என்று கற்பனை செய்துகொண்டிருந்தாள். தான் சொன்னதைவிடக் கொடியதாக இருக்க வேண்டும் என்று விரும்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளை மாடிக்கு அனுப்பிவிட்டுக் கீழ்வீட்டு அடுப்படிக்கு நேராகப் போனாள். பிரின்சி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போனவளைக் கிளாடிஸ் கையமர்த்தினாள்.

"பிரின்சி, ஒண்ணு கேக்குதேன், மறைக்காத. லியோனிக்கு நீ என்ன சொல்லி ஏத்துன?"

பிரின்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. மீனை விட்டுவிட்டுக் கையைத் தண்ணீரில் அலசினாள், வெகுநேரம் அலசினாள்.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. சத்தியமா."

"பின்ன எப்படி அவ்வளவு வருத்தம்?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்." பிரின்சி குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்குப் பல்லு ஒரு பிரச்சினையே இல்லக்கா. ஜோவிதான். ரெண்டு பேருக்கும் ஒரே பல்லு, அவ சிரிச்சா மட்டும் எல்லாரும் கூட சிரிக்காங்க, நான் சிரிச்சா ஏம்மா யாரும் பாக்க மாட்டேங்காங்கன்னு கேட்டு அழுவா. ஜோவி மேடையில ஏறுன நாளெல்லாம் இங்க சோறு எறங்காது. ஒரு தகப்பன் வழிப் பிள்ளைகளுக்குள்ள இப்படி ஒரு பொறாமையான்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு. எத்தன தடவ அடிச்சிருக்கேன் தெரியுமா?"

இத்தனை நாள் பிரின்சி அடக்கியது வெளியே வந்துகொண்டிருந்தது.

"அவள மட்டும் சொல்லுதேனே, எனக்கும் இருந்துச்சுக்கா. உங்க மகளப் பாக்கும்போதெல்லாம், இப்படி ஒரு பிள்ளைய இவங்க எப்படிப் பெத்தாங்கன்னு. இந்தக் கொஞ்ச நாளா ஜோவி பேசுறதில்ல, சிரிக்கிறதில்ல. அதுலருந்துதான் இவ தேறுனா. ஆஸ்பத்திரிக்காரங்க தட்டு போட்டதாலங்காங்க. எனக்குத் தெரியும். சொன்னா பாவம்னு வாய மூடிக்கிட்டேன்." நிமிர்ந்து பார்த்தாள். "ஜோவிக்கு என்னாச்சுக்கா? யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?"

கிளாடிஸ் வெளியே வந்தாள். படிக்கட்டில் உட்கார வேண்டும்போல இருந்தது. உட்காரவில்லை.

மாடியில் ஜோவிட்டா ஜன்னலோரம் உட்கார்ந்து, புதுத் தட்டோடு பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். க, ச, த என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அவள் வாயை அசைக்கும்போது கை தானாக முன்னால் வந்து மறைத்தது. தட்டு வேலை செய்யும். ஒன்றரை வருஷத்தில் தாடை நேராகிவிடும் என்று ஷமீமா உறுதியாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் எல்லாம்.

கீழே முற்றத்தில் லியோனி எதற்கோ சிரித்தாள். தடையில்லாத, தெருவரைக்கும் கேட்கிற சிரிப்பு. கிளாடிஸுக்குள் பழைய எரிச்சல் மறுபடி எழும்பியது. இத்தனை தெரிந்த பிறகும் எழும்பியது. பல்லைப் பார்த்து வந்த பொறாமை இப்போது அந்தச் சத்தத்தின்மேல் போய் உட்கார்ந்தது. முன்பு அந்தச் சத்தம் இந்த மாடிவீட்டில் இருந்தது.

மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்து வாயிலிருந்து மெல்ல இறக்கினாள்.

"ஜோவி, அம்மா இத்தன நாளு சொன்னதெல்லாம் பொய்யிட்டி. யாரும் ஒன்னக் கேலி பண்ணல. நீ சிரிச்சா அவ்வளவு நல்லா இருக்கும். எல்லாருக்கும் பிடிக்கும்."

ஜோவிட்டா தாயின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டிலிருந்த பட்டையைப் பார்த்தாள்.

"இப்ப எறக்கணுமாம்மா?" என்று கேட்டாள். தட்டினால் வார்த்தைகள் கொழகொழத்து வந்தன.

"எதட்டி?"

"இத. லியோனிக்கு வருத்தம் எறங்குனதுக்குத்தான் படம் எடுக்காங்க. எனக்கும் எறங்கணுமா?"

இது உனக்கு எப்போது தெரியும் என்று கிளாடிஸ் கேட்டாள். கல்யாண வீட்டுக்கு மறுநாளே தெரியும் என்றாள் பிள்ளை. தாய் போனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதைப் பார்த்தாளாம். அதற்குப் பிறகு தாய் பேசுகிறபோதெல்லாம் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டாளாம்.

"பின்ன ஏன் ஒரு வார்த்த சொல்லல? பொய்யின்னு தெரிஞ்சிருந்தா ஒனக்கு நோவாதுல்லா?"

ஜோவிட்டா யோசித்தாள். தாய்க்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று யோசிப்பதுபோல இருந்தது.

"நோவுனாத்தானம்மா ஏறும்" என்றாள்.